கயிற்றில் கட்டிய சோப்பு

மதிப்புக்குரிய ஹாஸ்டல் சமையல் மாஸ்டருக்கு, ஊரில் இருக்கும் உங்கள் பெண்சாதி எழுதிக்கொள்வது.

நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன் என்பீர்கள். அந்தக் கல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள். அப்புறம் அடிப்பிடித்ததற்கும் நான்தான் காரணம் என்று சொல்வீர்கள்.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று தோன்றும். போனில் நான் கோபமாக வாயைத் திறந்தால் நீங்கள் ஏதாவது கோணங்கித்தனமாகப் பேசுவீர்கள், நான் கெக்கெக்கே என்று சிரித்துத் தொலைப்பேன், கோபம் வந்த வழியே போய்விடும். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் தப்பித்துக்கொண்டு வருகிறீர்கள். அதுவும் நடக்காவிட்டால் சிக்னல் இல்லைடி என்று கட் பண்ணிவிடுவீர்கள். கடிதத்தைக் கட் பண்ண முடியாதே. மூணாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் எழுத்து, கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள். நான் பொறுமையாகத்தான் எழுதுகிறேன். இது மூன்றாவது தாள். முதல் இரண்டிலும் வெறும் திட்டு மட்டும்தான் இருந்தது, கிழித்துப் போட்டேன்.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. நீங்கள் போன தடவை சரி பண்ணினீர்களே, அதற்கு முன்னால் சொட்டிக்கொண்டுதான் இருந்தது, இப்போது ஓடுகிறது. மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. கூட வேலை பார்க்கிறவர்களிடமெல்லாம் எங்க அப்பா கைப்பக்குவம் வேற யாருக்கும் வராது என்று பீற்றிக்கொண்டு திரிகிறாள். நான் இங்கே எழுதப் போவது எதையும் அவளிடம் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் பேசியதை நினைத்துப் பாருங்கள். ஹாஸ்டலில் பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை, பாதிப் பேர் படுத்துவிட்டார்கள் என்றீர்கள். சாப்பாட்டு வரிசையில் வந்து இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று கேட்கிற அந்தக் குட்டிப் பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விட்டார்கள், வாயில் ஒரு பருக்கை இறங்கவில்லையாம் என்றீர்கள். அப்போது உங்கள் குரல் ஒரு மாதிரி இருந்தது. பிள்ளைப் பாசம் என்று நினைத்தேன்.

அப்புறம் சொன்னீர்கள். சுகாதார ஆட்கள் வந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்கள், சமையலறை ஆட்களை வரிசையாக நிற்க வைத்து உங்களில் யாருக்காவது சமீபத்தில் உடம்பு சரியில்லாமல் இருந்ததா என்று கேட்டார்கள், எல்லாரும் இல்லை என்றோம், கடைசியில் பாத்திரம் கழுவுகிறவள் ஒழுங்காகக் கழுவவில்லை என்று வார்டன் நுரைக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார் என்று. அதோடு நிறுத்தினீர்களா? இனிமே ஹாஸ்டலுக்கு சோப்புச் செலவு மிச்சம் என்று ஒரு ஜோக் வேறு.

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

நுரைக்கா என்று பேர் வைத்ததே நீங்கள்தான். ஒரு தட்டு கழுவச் சொன்னால் முழங்கை வரைக்கும் நுரை பொங்க வைப்பாள் என்று. போன வருடம் நான் உங்களைப் பார்க்க அங்கே வந்தேனே, பஸ்ஸை விட்டு இறங்கி, தலையெல்லாம் புழுதியாக, நேராகச் சமையலறைக்குள் நுழைந்தேன். நீங்கள் வா என்றுகூடச் சொல்லவில்லை, குழம்பில் தலையை விட்டுக்கொண்டிருந்தீர்கள். அவள்தான் ஓடி வந்தாள். தண்ணீர் கொடுப்பாள் என்று பார்த்தால், என் கையைப் பிடித்துத் தொட்டிக்கு இழுத்துப் போய், குழந்தைக்குக் கழுவுகிற மாதிரி விரல் விரலாகத் தேய்த்துவிட்டாள். நகக்கண்ணைக்கூட விடவில்லை. என்னக்கா, கையைக் கழுவுறியா, கைரேகையையே அழிக்கிறியா என்று கேட்டேன். பிள்ளைங்க சாப்பிடற இடம் தாயி, கோவிச்சுக்காதே என்றாள். அன்றைக்குத் தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தாள். அவள் கழுவின பாத்திரம் அழுக்கு என்று சொன்னால் நான் நம்ப வேண்டுமா? நீங்கள் நம்புகிறீர்களா?

நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேளுங்கள். புத்திசாலித்தனத்தால் இல்லை, வாய்க்கொழுப்பால்தான். எப்போதும் என்னிடம் இஸ்திரிக்குத் துணி கொண்டுவருவாளே அந்த நர்ஸ், திங்கட்கிழமை வந்து நின்றாள். அவள் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே உங்கள் ஹாஸ்டல் கதையைச் சொல்லி, அந்த சோப்பு ஜோக்கையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சமையல்காரருக்கு உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டாள். அவருக்கென்ன, சினிமா ஹீரோ மாதிரி இருக்கார், பாரு என்று நீங்கள் போன மாதம் அனுப்பின போட்டோவைக் காட்டினேன். கறுப்புக் கண்ணாடியும் கரண்டியுமாக நிற்கிறீர்களே, அதை. அடுப்புப் புகை கண்ணுக்கு ஆகலை என்று நீங்கள் சொன்னதையும், பிள்ளைகள் உங்களை ஹீரோ மாஸ்டர் என்று கூப்பிடுவதையும் பெருமையாகச் சொன்னேன்.

அவள் போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுக்கு முன்னாடி அவருக்குச் சோர்வு, வாந்தி ஏதாவது இருந்ததாக்கா என்றாள்.  சாப்பாட்டு வாசனை பட்டாலே குமட்டுது, கால் நிக்க மாட்டேங்குது, ஒண்ணுக்குப் போனா கருப்பு டீ மாதிரி போகுது என்று நீங்கள் எனக்குச் சொன்னதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. டாக்டரிடம் போங்கள் என்று நான் சொன்னேன். சூடுடி, ரெண்டு சொம்புத் தண்ணி குடிச்சா ஓடிப்போயிடும் என்றீர்கள். மறுவாரம் கண்ணாடியோடு போட்டோ. கண்ணு என்ன நிறத்துல இருந்துச்சோ என்று நர்ஸ் மெதுவாகத்தான் சொன்னாள். தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். கோட்டுப் பையில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே மஞ்சளாகப் பதிந்திருந்தது. 

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். கக்கூஸ் போய்விட்டு சோப்புப் போட்டுக் கழுவாத கையில்தான் இந்தக் காமாலை ஊர்ப் பயணம் போகுமாம். இன்னொருத்தர் வயிற்றுக்குள் போனால் ஒரு மாதம் போல ஒளிந்திருந்துதான் தலையைக் காட்டுமாம். போன மாதம் நீங்கள், இந்த மாதம் பிள்ளைகள். கண் மஞ்சளாவதற்கு முன்னால்தான் அடுத்தவருக்கு அதிகமாக ஒட்டுமாம். அதனால் உங்களுக்கு அப்போது தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். நோய் யாருக்கும் வரும். வந்ததற்கு நான் ஒரு சொல் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தக் கை இருக்கிறதே கை! குழம்பைக் கரண்டியில் எடுத்து, உள்ளங்கையில் ஊற்றி, நாக்கை நீட்டி ஒரு நக்கு, அதே கையால் அடுத்த நிமிடம் உப்பை அள்ளிப் போடு. இந்த வீட்டில் நான் எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்? பூனைகூட நக்கினால் தன் உடம்பைத்தான் நக்கும் என்று நான் சொன்னதற்கு மகளும் நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நாக்குலதான்டி என் பொழைப்பு என்றீர்கள். அந்தப் பொழைப்பைத்தான் பிள்ளைகள் தட்டில் பரிமாறியிருக்கிறீர்கள்.

சோப்பு கதையும் மறந்திருக்காது. வேலையாட்கள் கக்கூஸில் சோப்பு வைத்தால் திருடு போகிறது என்று வார்டன் நிறுத்திவிட்டார். நுரைக்கா தன் காசில் ஒரு சோப்பு வாங்கி, ஓட்டை போட்டு, கயிற்றில் கோத்துக் குழாய்க்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டாள். அந்தக் கயிற்றை அறுத்து நீங்கள் வெங்காய மூட்டைக்கு வாய் கட்டினீர்கள். சோப்பு எங்கே போனதோ. இதையும் நீங்களே போனில் சொல்லிச் சிரித்தீர்கள். ஆம்பளை கையில என்ன சேறா ஒட்டியிருக்கு என்றீர்கள். சேறாக இருந்திருந்தால் பரவாயில்லையே, கண்ணுக்குத் தெரிந்திருக்குமே!

வார்டன் லீவு தரவில்லை, நீ படுத்தால் இத்தனை பிள்ளைகளுக்கு யார் பொங்கிப் போடுவது என்று கேட்டார் என்பீர்கள். தெரியும். அவர்மேலும் எனக்கு வயிறு எரிகிறது. உடம்பு முடியாதவனை அடுப்பில் நிற்க வைத்து, கழுவ சோப்பும் கொடுக்காமல், பழியை மட்டும் இருக்கிறதிலேயே கீழே இருக்கிறவள் தலையில் கட்டியிருக்கிறார். ஆனால் நான் அவருக்குக் கழுத்தை நீட்டவில்லை. உங்களுக்குத்தான் நீட்டினேன். அதனால் உங்களைத்தான் கேட்பேன்.

கண்ணை மறைத்தீர்களே, அது தெரியாமல் செய்ததா? வரிசையில் நின்று இல்லை என்றீர்களே, அப்போது உங்கள் பக்கத்தில் யார் நின்றது? அவள்தானே? உங்கள் உடம்பு அந்த வாரம் எப்படிக் கிடந்தது என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? நீங்கள் வாந்தி எடுத்த தொட்டியைக் கழுவினதே அவளாகத்தான் இருக்கும். அவள் வாயைத் திறக்கவில்லை. உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? வெங்காயம் உரித்தீர்களா? கண்ணீர் வருவதற்கு வசதியாக இருந்திருக்குமே.

அவளுக்குப் போனது இந்த ஒரு வேலை மட்டும் இல்லைங்க. பாத்திரம் கழுவுகிறவளுக்குச் சுத்தம் இல்லாதவள் என்று பேர் வந்துவிட்டால் வேறு எந்த வாசலில் போய் நிற்பாள்? அவள் கழுவாததால் பிள்ளைகள் செத்துப் பிழைத்தார்கள் என்றல்லவா ஊர் பேசும்? அவள் வீட்டில் உலை கொதிப்பது அவள் ஒருத்தி கையால்தான். நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதனால் ஒழுங்காகக் கேளுங்கள். இந்தக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நேராக அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போங்கள். எனக்குத்தான் முதலில் வந்தது, நான்தான் சமைத்தேன், கேட்டபோது பொய் சொன்னேன் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். உங்கள் ரத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது அடுத்தவருக்கு ஒட்டாது, ஆனால் ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும் என்றாள் நர்ஸ். அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் வார்டனிடம் சொல்லுங்கள், எல்லாரும் இருக்கும்போது, சத்தமாக. நீங்கள் உப்பு போதவில்லை என்றாலே மாடி வரைக்கும் கேட்கும், இதற்கு மட்டும் முனகாதீர்கள். கடைசியில் நுரைக்கா வீட்டுக்குப் போங்கள். ஜோக் எதுவும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

உங்களுக்கு வேலை போகும். போனால் போகட்டும். இங்கே இஸ்திரி மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்க இடம் இருக்கிறது. பெட்டியை உங்கள் கையில் தரமாட்டேன், ஊரான் சட்டைக்கெல்லாம் ஜன்னல் வைத்துவிடுவீர்கள். மடித்து அடுக்கலாம். கையைக் கழுவிவிட்டு.

அதுவரைக்கும் எனக்குப் போன் பண்ணாதீர்கள். மணி அடித்தால் அடிக்கட்டும், எடுக்கமாட்டேன். எடுத்தால் சிரித்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். சொல்லி முடித்த பிறகு, சொல்லிட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி அனுப்புங்கள். நானே கூப்பிடுகிறேன். போனை எங்கே வைத்தேன் என்று தேடக்கூட மாட்டேன், கையிலேயேதான் வைத்திருப்பேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் இருக்கும். பிரித்துவிட்டுத் தின்கிற சாமான் என்று நக்கிப் பார்க்காதீர்கள், சோப்பு. ஆணியைச் சுட்டு நடுவில் ஓட்டை போட்டிருக்கிறேன். கோத்திருக்கும் கயிறு நீங்கள் இங்கே விட்டுப்போன பழைய ஏப்ரனின் நாடா. நல்ல கெட்டியான நாடா, வெங்காய மூட்டையைப் பார்த்ததும் கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். அந்த ஆணியில் இதை நீங்கள் மாட்டக் கூடாது. நுரைக்கா கையில் கொடுங்கள். அவள் திரும்பி வந்து மாட்டட்டும்.

அந்தக் குட்டிப் பெண் எழுந்து வந்து இன்னொரு கரண்டி கேட்க வேண்டும். உங்கள் கண் பழையபடி வெளுக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன், கோபத்தோடேயே.

இப்படிக்கு,
வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருக்கும்
உங்கள் இஸ்திரிக்காரி