நீ எழுதி வைத்த ஐந்து நாள்

என் நூரு,

நேற்று உனக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதினார்கள். உங்கள் வீட்டில் பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். உன் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிடாம போகக் கூடாது" என்றார். சாப்பிட்டேன். சோறு தொண்டையில் தடையில்லாமல் இறங்கியது. அது எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்த நாற்பது நாளும் மனசுக்குள் உன்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். மனசுக்குள் பேசும்போது சிலவற்றைத் தாண்டிப் போய்விட முடிகிறது. எழுதினால் முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் பள்ளிக்கூடத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வேறு யாராவது இதைப் படித்தால் புரிய வேண்டும் இல்லையா? கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊர். முப்பத்தொரு பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள். நான் தலைமை ஆசிரியை. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் எனக்கு. ஒன்று, இரண்டு, மூன்று உனக்கு. திருவண்ணாமலையிலிருந்து பதினோரு வருஷம் ஒரே பஸ்ஸில் போய், ஒரே பஸ்ஸில் திரும்பினோம். பௌர்ணமிக் கூட்டத்தில் உனக்கு நானோ எனக்கு நீயோ ஜன்னல் வழியாகக் கைப்பையைப் போட்டு இடம் பிடித்திருக்கிறோம். என் கூடப் பிறந்தவள் ஒருத்தி இருக்கிறாள், ஓசூரில். அவளோடு இவ்வளவு பேசியதில்லை.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். நீ என் மேசைக்கு வந்தாய்.

"அக்கா, நாளைக்கு மத்தியானத்துக்கு மேல லீவு எடுத்துக்கட்டுமா? ரெண்டு நாளா மூச்சு வாங்குது. முதுகுல ஒரு மாதிரி புடிக்குது. டாக்டரைப் பாத்துட்டு வந்துடறேன்."

"நாளைக்கு எனக்கு வேங்கிக்கால்ல மீட்டிங் இருக்கே நூரு. நீயும் இல்லன்னா பள்ளிக்கூடத்தை யாரு பாக்கறது? ஒரு நாள் சமாளிச்சுடு. சனிக்கிழமை காலைல நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"சரிக்கா. கேஸாதான் இருக்கும். நேத்து பருப்பு ஜாஸ்தியா தின்னுட்டேன்" என்று சிரித்துவிட்டுப் போனாய்.

நான் உன் முகத்தை நிமிர்ந்து பார்த்தேனா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், ஞாபகம் வரவில்லை. மீட்டிங்குக்குக் கொண்டுபோக வேண்டிய வருகைப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டியல் மட்டும் ஒவ்வொரு வரியும் ஞாபகம் இருக்கிறது.

சனிக்கிழமை விடியும் நேரத்தில் உன் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. "அக்கா, நூர் போயிட்டா" என்றார் அன்வர். "எங்க போயிட்டா தம்பி?" என்று நான் கேட்டேன். நிஜமாகவே கேட்டேன். பதிலுக்கு அவர் அழுகிற சத்தம்தான் வந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு ஆட்டோ போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். மாரடைப்பு. உனக்கு நாற்பத்தொரு வயசு.

திங்கட்கிழமை நான் மட்டும் பஸ் ஏறினேன். பள்ளியைத் திறந்தால் என் மேசை மேல் உன் பாடக் குறிப்பேடு இருந்தது. அடுத்த வாரத்துக்கான பாடத்தை வெள்ளிக்கிழமையே எழுதி என் கையெழுத்துக்கு வைப்பதுதானே வழக்கம். மூச்சு முட்டிக்கொண்டிருந்த அந்த வெள்ளிக்கிழமையும் வழக்கத்தை விடவில்லை நீ. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளுக்கும் எழுதியிருந்தாய். உன் குண்டு எழுத்தில் ஒன்று கூடக் கோணவில்லை.

முப்பத்தொரு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்தேன். மூன்றாம் வகுப்பு கோமதிதான் முதலில் கேட்டாள். "நூர் டீச்சர் வரலையா டீச்சர்?"

"உடம்பு சரியில்லம்மா. அடுத்த வாரம் வந்துடுவாங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? வரும் வழியெல்லாம் உண்மையைச் சொல்லத்தான் வார்த்தை தேடிக்கொண்டு வந்தேன். வாய் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. நம்பிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

பெரிய பிள்ளைகளுக்கு எழுத வேலை கொடுத்துவிட்டு உன் குறிப்பேட்டைத் திறந்தேன். திங்கட்கிழமை, அளத்தல். 'வகுப்பறையின் நீளத்தை ஒவ்வொருவரும் தன் சாணால் அளக்கட்டும். விடை ஆளுக்கு ஆள் மாறும். சண்டை வரும். வரட்டும். பிறகு ஏன் என்று கேட்கவும்.' இப்படியெல்லாம் பாடக் குறிப்பு எழுதுகிறவள் இந்த வட்டாரத்தில் நீ ஒருத்திதான். அதிகாரி பார்த்தால் என்ன சொல்வாரோ என்று உன்னை எத்தனை தடவை கடிந்திருக்கிறேன்.

பிள்ளைகள் தரையில் தவழ்ந்து தவழ்ந்து அளந்தார்கள். ஒருவனுக்கு நாற்பத்தைந்து, ஒருத்திக்கு ஐம்பத்திரண்டு. சண்டை மட்டும் வரவில்லை. "என்னுதும் சரி, அவளுதும் சரி டீச்சர்" என்று ஒன்றாம் வகுப்புப் பொடிசு கூட அமைதியாகச் சொன்னது. அந்த வாரம் முழுக்க அப்படித்தான். யாரும் யாரையும் கிள்ளவில்லை. சிலேட்டுக் குச்சியைக் காணோம் என்ற புகார் இல்லை. நான் கேட்காமலே கோமதி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இருந்த இருப்பில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாய். 'சுரேந்தர் "ழ"வை "ள" என்கிறான். திருத்த வேண்டாம். இரண்டு வாரம் பொறுக்கவும். அவனே சரிசெய்துகொள்வான்.' அவன் அன்று "பளம்" என்று வாசித்தான். நான் திருத்தவில்லை. நீ சொன்னபடி பொறுத்தேன்.

புதன்கிழமை கதை. 'பாதியில் நிறுத்தவும். முடிவைப் பிள்ளைகள் சொல்லட்டும்' என்று எழுதியிருந்தாய். சந்தைக்குப் போன ஆட்டுக்குட்டி கூட்டத்தில் தாயைத் தவறவிட்டுவிடுகிறது, ஒவ்வொரு கடையாகப் போய்க் கேட்கிறது. அதோடு நிறுத்திவிட்டு, "அப்புறம் என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்க" என்றேன்.

முன்வரிசையில் இருந்த ஒன்றாம் வகுப்பு யாழினி எழுந்தாள். "அம்மா ஆடு செத்துப் போச்சு டீச்சர்."

கோமதி பின்னாலிருந்து பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். "ஏய், டீச்சர் முன்னாடி சொல்லக் கூடாதுன்னு சொன்னேன்ல!"

"என்ன சொல்லக் கூடாது?" என்று கேட்டேன்.

கோமதி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நூர் டீச்சர் செத்துட்டாங்கன்னு. எங்கப்பா ஷேர் ஆட்டோ ஓட்டறாரு இல்ல டீச்சர், அவரு அடக்கத்துக்குப் போய்ட்டு வந்து சொன்னாரு. நீங்க அடுத்த வாரம் வந்துடுவாங்கன்னு சொன்னீங்களா, உங்களுக்குத் தெரியாது போலன்னு நெனச்சோம். தெரிஞ்சா அழுவீங்கன்னு யாருமே சொல்லல."

மூன்று நாளாக, நூரு. முப்பத்தொரு பேரும் சேர்ந்து என்னிடமிருந்து மறைத்து வைத்திருந்தார்கள். நான் அவர்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாற்காலியில் உட்கார முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு யாருக்கும் எதையும் அடக்க வேண்டியிருக்கவில்லை. சின்னதுகள் என் மடியில் வந்து விழுந்தன. ஐந்தாம் வகுப்புப் பையன்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்கள். சமைக்கிற அம்மா கரண்டியோடு ஓடி வந்து, வாசலிலேயே நின்றுவிட்டார்.

அப்போதுதான் சுரேந்தர் சொன்னான். "வெள்ளிக்கிளமை அவங்களுக்கு மூச்சு வாங்கிச்சு டீச்சர். எப்பவும் நின்னுக்கிட்டுதான் பாடம் எடுப்பாங்க. அன்னிக்கு சேர்லயே உக்காந்துட்டாங்க. முகமெல்லாம் வேர்வை. நாங்க எல்லாம் சுத்தி நின்னு நோட்டால விசிறினோம்."

"நான் டீச்சர் முதுகை நீவி விட்டேன்" என்றாள் யாழினி.

நூரு, நான் அந்த நேரத்தில் வேங்கிக்காலில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார்கள். கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று இன்று யாராவது கேட்டால் ஒரு வாக்கியம் சொல்லத் தெரியாது எனக்கு. ஒரு போன் செய்திருக்கக் கூடாதா நீ? "முடியலக்கா, வா" என்று சொன்னால் எழுந்து வந்திருக்க மாட்டேனா? அல்லது முதல் நாளே ஒருதரம் கேட்டுப் பார்த்தாகிவிட்டது, இனி எதற்கு என்று விட்டுவிட்டாயா?

வியாழக்கிழமைப் பாடம், 'அருகில், தொலைவில்'. 'வெளியே அழைத்துச் செல்லவும். மலையைக் கட்டைவிரலால் மறைக்கச் சொல்லவும். இவ்வளவு பெரிய மலை எப்படி விரலுக்குள் அடங்கியது என்று கேட்கவும்.' எல்லோரும் வெயிலில் வரிசையாக நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விரலை நீட்டினார்கள். "அண்ணாமலை காணோம்! அண்ணாமலை காணோம்!" என்று கத்தினார்கள். அந்த வாரத்தில் முதல்முறையாகக் கேட்ட சிரிப்பு அது. நானும் விரலை நீட்டிப் பார்த்தேன். மலை மறைந்தது. வேறு எதுவும் மறையவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு நீ எழுதியிருந்ததை நான் நடத்தவில்லை. 'பிடித்த ஒருவரைப் பற்றி ஆளுக்கு இரண்டு வாக்கியம் பேசட்டும். அம்மா, அப்பா வேண்டாம். வேறு யாரையாவது சொல்லட்டும்' என்றிருந்தது. எல்லோரும் யாரைச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்க எனக்குத் தெம்பில்லை. பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டேன். உன் பாடத்தில் அந்த ஒரு நாளை மட்டும் திருடிக்கொண்டேன், மன்னித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். அன்வர் கடைக்குப் போகாமல் வீட்டில்தான் இருந்தார். பிள்ளைகள் விசிறியதைக் கேட்ட பிறகு என்னால் இதை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வியாழக்கிழமையே அவ லீவு கேட்டா. டாக்டரைப் பாக்கணும்னு சொன்னா. நான்தான் குடுக்கல."

அவர் மெதுவாகக் கேட்டார். "கேட்டாளா?"

"கேட்டா."

"எங்கிட்ட வேற மாதிரி சொன்னாளேக்கா. லீவு போடுடின்னு நான் சண்டை புடிச்சேன். 'அக்காவுக்கு மீட்டிங் இருக்கு, நான் கேட்டா உடனே குடுத்துடுவாங்க, அதான் நானே கேக்கல'ன்னு சொன்னா."

என்னிடம் கேட்டதை, நான் மறுத்ததை, அவரிடமிருந்து மறைத்திருக்கிறாய். உன் வீட்டுக்காரர் மனசில் நான் கெட்டவளாகிவிடக் கூடாது என்றா? பதினோரு வருஷத்தில் நீ சொன்ன ஒரே பொய் எனக்காகத்தானா?

"அவளே மறைச்சுட்டாளே" என்று அன்வர் எழுந்தார். "நீங்க ஏன்க்கா சொன்னீங்க? தெரியாமலே இருந்திருப்பேனே." உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு நானே எழுந்து வந்துவிட்டேன்.

சொன்னது அவருக்காகவா, என் பாரத்தை இறக்கி வைக்கவா? இன்னும் தெரியவில்லை எனக்கு. அவர் என்னோடு பேசுவதில்லை. நேற்றும் பேசவில்லை. ஆனால் இருட்டில் நான் செருப்பைத் தேடியபோது, வந்து படிக்கட்டு விளக்கைப் போட்டுவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத்தான் தெரியும்.

உன் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். வித்யா என்று பேர். ஐந்து மாதக் கர்ப்பிணி. வந்த இரண்டாம் நாளே பயந்து பயந்து என் மேசைக்கு வந்தாள். "மேடம், மாசா மாசம் செக்கப்புக்குப் போகணும். வர்ற வெள்ளிக்கிழமை மட்டும்..."

"போ" என்றேன். அவள் முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டேன். சத்தமாகவும் சொல்லிவிட்டேன் போல. அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். பிறகு அவளை உட்கார வைத்து, உன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். நான் செய்ததையும் சேர்த்துத்தான்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், நூரு. இனி நம் பள்ளியில் யாராவது உடம்பு முடியவில்லை என்று வந்து நின்றால், முதலில் தலையை நிமிர்த்தி அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். மீட்டிங்கோ, ஆய்வோ, எது இருந்தாலும் சரி, பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு, கூடவே நானும் ஆஸ்பத்திரிக்குப் போவேன். ஏன் பூட்டினாய் என்று மேலிடத்தில் எழுத்தில் விளக்கம் கேட்பார்கள். கேட்கட்டும். உன் பேரைத்தான் எழுதிக் கொடுப்பேன்.

உன்னைச் சனிக்கிழமை வரை காக்க வைத்த,
உன் அக்கா
கலைச்செல்வி