உங்க அப்பா காலில் எரிச்சல் நின்ற சேதி

வைகாசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கலைப்பிரியாவுக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா, அந்த ஊரில் இப்போதாவது வெயில் தலை காட்டியதா. இங்கே நானும் உங்க அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நான் நன்றாக இருக்கிறோம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், ஆனால் இந்தத் தடவை அது நிஜம், அது எப்படி நிஜமாச்சு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நீ வீடியோவில் வந்ததும் உங்க அப்பா முகத்தைக் கொண்டுவந்து போன் முழுக்க ஒட்டிக்கொள்கிறார், நான் வாயைத் திறப்பதற்குள் எனக்கு ஒண்ணும் இல்ல பாப்பா, ஜம்முனு கீறேன் என்று அவரே பேசி முடித்துவிடுகிறார், நான் பின்னால் நின்று அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் நம்ம தெரு தேவா லீவு முடிந்து அங்கே திரும்பும்போது மல்லாட்டையை வறுத்து வெல்லப்பாகில் பிடித்த உருண்டையோடு இதையும் அவன் பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். உருண்டையைத் தின்றுகொண்டே படி. பாதியில் பதறிப்போய் போனை எடுக்காதே, கடைசி வரைக்கும் படி.

நீ போன வருஷம் வந்திருந்தபோதே அவர் கால் படுத்தின பாட்டைப் பார்த்தாய். சக்கரை வந்து எத்தனையோ வருஷமாச்சு, அது நரம்பில் இறங்கிவிட்டது என்று அப்போதே சொன்னார்கள். உள்ளங்கால் இரண்டும் மிளகாய்த்தூள் அப்பினது போல எரியும், போர்வை பட்டால்கூட ஆகாது. மத்தியான வெயிலில் மோட்டார் தொட்டிக்குள் காலை விட்டுக்கொண்டு நிற்பார், பார்க்கிறவர்கள் தண்ணி பாய்ச்சுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். ஏர் ஓட்டின மனுஷன், தேள் கொட்டினாலே உதறிவிட்டுப் போகிறவர், அந்தத் தொட்டி ஓரமாய் அழுததை நான் ஒரு நாள் பார்த்தேன், பார்த்தது போலக் காட்டிக்கொள்ளவில்லை. நீயும் மனசு கேட்காமல் அங்கிருந்து நரம்புக்கு நல்லது என்று மூன்று புட்டி மாத்திரை அனுப்பி வைத்தாய். அது வந்த வாரத்திலேயே உங்க அப்பா இன்னொரு காரியமும் பண்ணியிருக்கிறார், எனக்கே தெரியாது. திரௌபதி அம்மன் கோயிலுக்குப் போய், இந்த எரிச்சல் நின்னுச்சுன்னா வர்ற வைகாசியில தீ மிதிக்கிறேன் தாயே என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நீ அனுப்பின புட்டிக்கு இங்கே நடந்த மரியாதையைச் சொன்னால் சிரிப்பாய். சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். குளிக்காமல் தொடமாட்டார். டீக்கடையில் அதைப் பற்றித்தான் பேச்சு, விழுப்புரத்திலிருந்து உன் மாமா மணிமாறன் வந்தால் முதலில் புட்டியைக் காட்டிவிட்டுத்தான் காபி. பொங்கலுக்கு அப்புறம் எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, மாசி வாக்கில் சுத்தமாக நின்றே போச்சு. எனக்கும் சந்தோஷம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும், அன்றைக்கு உன் பேரைச் சொல்லிப் பாயசம் வைத்தேன். ஆனால் உங்க அப்பாவுக்கு நல்லது நடந்தால் கால் தரையில் நிற்காது. ஒண்ணு போட்டதுக்கே இப்படின்னா ரெண்டு போட்டா எப்படி இருக்கும் என்று எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிவிட்டார். வெளிநாட்டு மாத்திரை மூணு இருக்கசொல்ல இது இன்னாத்துக்கு என்று சக்கரை மாத்திரையை அவரே நிறுத்தியும்விட்டார். அதை என்னிடம் சொல்லவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் பிரிக்காத அட்டைகள் அடுக்கியிருந்ததைப் பிற்பாடு நான்தான் கண்டுபிடித்தேன்.

பங்குனியில் என் அம்மா வீட்டுப் பக்கம் கெடாரில் ஒரு கல்யாணம், போய்விட்டு வந்து பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள் நடக்கிறோம். அவர் முன்னே, நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னே. ரோட்டு நடுவில் ஒரு செருப்பு கிடக்கிறது. யாரோ விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் போல என்று பார்த்தால், அது நான் தீபாவளிக்கு அவருக்கு வாங்கிக் கொடுத்த செருப்பு. நிமிர்ந்து பார்க்கிறேன், மனுஷன் ஒற்றைச் செருப்போடு கல்யாண வீட்டுச் சாம்பாரைக் குறை சொல்லிக்கொண்டே வீறுநடை போடுகிறார். கூப்பிட்டேன். நின்று குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்க்கிறது போல அந்தக் காலைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, உங்களுக்கு இப்பவே புத்தி தடுமாறிப்போச்சு என்று கிண்டல் பண்ணிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து அவர் காலைக் கழுவும்போது வாசலெல்லாம் ரத்தம். உள்ளங்காலில் வேலிக்கருவை முள் ஒன்று ஆழமாக ஏறி உள்ளேயே முறிந்திருக்கிறது. வலிக்கலையா என்று கேட்டேன், இல்லியே என்றார். அந்த இல்லியேவைக் கேட்டதும் என் சிரிப்பெல்லாம் அடங்கிப்போச்சு.

மறுநாளே உன் மாமாவை வரவழைத்து இரண்டு பேருமாக அவரைத் திண்டிவனத்துக்கு இழுத்துக்கொண்டு போனோம். அஸ்வினி என்று ஒரு டாக்டரம்மா, உன் வயசுதான் இருக்கும். முறிந்த முள்ளை எடுத்துக் கட்டுப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றை வைத்து உள்ளங்காலில் அங்கங்கே குத்தி, தொட்டால் சொல்லுங்க ஐயா என்றது. அவர் வாயைத் திறக்கவே இல்லை. என் கண்ணெதிரே குத்திக் குத்தி எடுக்கிறது, இவர் எப்பம்மா ஆரம்பிக்கப் போறீங்க என்று கேட்கிறார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். எரிச்சல் நின்னது குணமானதால இல்லம்மா, அங்க உணர்ச்சியே மரத்துப்போச்சு, சக்கரை ஏறிக்கினே இருந்திருக்கு என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னது. வாசல் நாய் குரைக்கவில்லை என்றதும் திருடன் வரவில்லை என்று நாங்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம், அதுதான் நடந்தது.

இந்த இடத்தில் நீ அழுதுவிடாதே, உன்மேல் ஒரு தப்பும் இல்லை, அதையும் டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். மூன்று புட்டியையும் மேஜைமேல் வைத்துப் பொறுமையாகப் படித்துப் பார்த்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பி பன்னிரண்டு சத்து அவருக்கு நிஜமாகவே குறைச்சலாம், வருஷக்கணக்காகச் சக்கரை மாத்திரை போடுகிற சிலருக்கு அப்படிக் குறையுமாம், அதனால் அந்தச் சத்து இருக்கிற புட்டி நல்லது, அதை அளவோடு போடட்டும் என்றது. இன்னொன்று சில பேருக்கு வலியைக் கொஞ்சம் குறைக்குமாம், எல்லாருக்கும் கேட்காதாம், இப்போதைக்கு வேண்டாம் என்றது. மூன்றாவதில் இருக்கிற பி ஆறு என்கிற சத்துதான் வம்பு. அது அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்குமாம். இவர் இரட்டிப்பாகப் போட்டதில் அதுவும் சேர்ந்துகொண்டதோ என்னவோ, முதல் காரணம் சக்கரைதான் என்றது. நீ கொடுத்தது மருந்து, அவர் அதைச் சோறு மாதிரி சாப்பிட்டார். அதற்கு நீ என்ன பண்ணுவாய்.

இவ்வளவும் கேட்டுக்கொண்டு வந்தாரே, வந்து என்ன செய்தார் தெரியுமா. சித்திரை கடைசியில் கோயிலில் கொடி ஏறியது, போய் மஞ்சள் துணி உடுத்திக் காப்பு கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் ஓடி வந்துவிட்டாள். அவர் நிதானமாகச் சொல்கிறார், டாக்டரு ஆயிரம் சொல்லுவாங்க, எரிச்சல் நிக்கணும்னு கேட்டேன், நின்னுச்சா இல்லியா, அவ குடுத்துட்டா, நான் குடுத்த வாக்க முழுங்கிட்டு எந்த மூஞ்ச வச்சிக்கினு அவ எதிர்ல போய் நிப்பேன் என்று. சாமியிடம் சொன்னதைத் தட்டிக்கழி என்று நான் எந்த வாயால் சொல்வது. ஆனால் தீக்குழியை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. சூடு தெரிகிறவன் கால் தானாகவே ஓடும், தெரியாதவன் நின்று நிதானமாகக் கும்பிட்டுவிட்டு வருவான், இவர் அப்படித்தான் பண்ணுவார். விரல் இடுக்கில் ஒரு கங்கு ஒட்டிக்கொண்டால் அது உள்ளே போய் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. சக்கரைக் காலில் புண் வந்தால் அது எங்கே போய் முடியும் என்று நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. பாரதம் படிக்கிறார்கள், தினம் கூத்து நடக்கிறது, ஊரே கோயிலில் கிடக்கிறது, நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்து அவர் காலையே நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்குப் போன் பண்ணலாம் என்று எத்தனையோ தடவை எடுத்தேன், நம்ம மாத்திரையாலதானே அப்பாவுக்கு இப்படி என்று நீ அங்கே தனியாக உட்கார்ந்து மறுகுவாயே என்று வைத்துவிட்டேன்.

கடைசியில் பூசாரி சின்னதுரை அண்ணனிடமே போனேன். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர், வாக்கு ஒருத்தர் குடுத்தாலும் வூடு ஒண்ணுதானேம்மா, தாலி கட்டிக்கினவ எறங்கினா அம்மன் இன்னா வேணாம்னா சொல்லப்போறா என்றார். அங்கேயே நின்று நான் காப்பு கட்டிக்கொண்டேன். இப்போதுதான் பெண்பிள்ளைகளும் இறங்குகிறார்களே. வீட்டுக்கு வந்ததும் உங்க அப்பா என் கையில் இருந்த காப்பைப் பார்த்தார், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார், உன் காலு வெந்துபோச்சுன்னா என்று கேட்டார். நான் சொன்னேன், வெந்தா எனக்குத் தெரியும், உங்களுக்கு வெந்தாலும் தெரியாது. சொல்லிவிட்டு எனக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. அவர் தன் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் அந்தக் கால் மரத்துவிட்டது என்று அவர் மனசு ஒப்புக்கொண்டது, டாக்டரம்மா குத்தினபோதுகூட இல்லை.

போன வெள்ளிக்கிழமை தீமிதி. கரகம் முன்னே இறங்கிப் போச்சு, ஆண்பிள்ளைகள் போனார்கள், அப்புறம் நாங்கள். உங்க அப்பா அந்தக் கரையில் மஞ்சள் தண்ணிக் குடத்தோடு நின்றார், அது அவர் வேலை என்று பூசாரி அண்ணன் சொல்லிவிட்டார். பக்தி இருந்தால் தீ சுடாது, பூப்போல இருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். எனக்குப் பக்தி குறைச்சலோ என்னவோ தெரியவில்லை, சுட்டது பாப்பா, நன்றாகவே சுட்டது. சுடச் சுட நான் ஓடினேன், தாயே எனக்குச் சுடுது, தாயே எனக்குச் சுடுது என்று அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே ஓடினேன். அந்தக் கரையில் ஏறினதும் உங்க அப்பா என் காலில் தண்ணியை ஊற்றினார், அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றுகூட இல்லாமல் குனிந்து என் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரலுக்குக் கீழே சின்னதாக ஒரு கொப்புளம், அவ்வளவுதான், இப்போது ஆறிவிட்டது, நீ பயப்படாதே.

அன்றிலிருந்து தினம் விளக்கு வைத்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் கொப்புளத்தைப் பார்க்க வந்துவிடுகிறார். தினமும் காலைப் பாருங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்று டாக்டரம்மா தலைபாடாய் அடித்துக்கொண்டபோது எனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு என்று காலை இழுத்துக்கொண்டவர் அவர்தானே. நான் சும்மா விடுவேனா, என் காலைப் பார்க்கணும்னா உங்க காலையும் காட்டுங்க என்றேன். காட்டுகிறார். விரல் இடுக்கு முதற்கொண்டு பார்த்துவிட்டுத்தான் விடுகிறேன். சக்கரை மாத்திரை என் கண்முன்னே போடுகிறார். முள் குத்தின இடமும் ஆறிவிட்டது. போன உணர்ச்சி திரும்ப வருமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன், சொல்ல முடியாதும்மா, இருக்கிறதைக் காப்பாத்திக்குவோம் என்றது. சரிதான்.

உனக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். இனிமேல் அனுப்புவதாக இருந்தால் டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததை மட்டும் அனுப்பு, சீட்டைத் தேவாவிடம் கொடுத்திருக்கிறேன். யார் எதைச் சொன்னாலும் கேட்டு மூட்டை கட்டாதே, அனுப்பவில்லை என்றால் பாசம் குறைந்துபோச்சு என்று இங்கே யாரும் நினைக்கமாட்டோம். அன்றைக்குப் போனில் சொன்ன உன் தோள்வலிக்கும் நீயாக எதையும் வாங்கிப் போட்டுக்கொள்ளாதே, வைத்தியரைப் பார். குட்டிப்பயலுக்குக் கேப்பை மாவு வைத்திருக்கிறேன், கஞ்சி காய்ச்சிக் கொடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கணும், அம்மன் துணை இருப்பாள்.

மறந்துவிடாதே. அடுத்த தடவை போனில் அவர் முகத்தைக் கொண்டுவந்து ஒட்டிக்கொண்டு ஜம்முனு கீறேன் என்பார். எரியுதாப்பா என்று கேட்காதே, முகம் போதும்பா, காலைத் தூக்கிக் காட்டு என்று சொல். திட்டுவார். ஆனாலும் நீ கேட்டால் காட்டுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா
தையல்நாயகி