தொட்டிலுக்கு நீங்கள் தைத்த மெத்தை

அக்கா,

போன வாரம் உங்கள் கடைக்குப் போயிருந்தேன். நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் மகள் ஸ்டெல்லாதான் நடத்துகிறாள். வாசல்படி ஏறியதுமே புது ஸ்பாஞ்சின் வாடை அடித்தது. தையல் மெஷினுக்குப் பின்னால் நீங்கள் குனிந்து உட்கார்ந்திருப்பீர்கள் என்று கண் தானாகத் தேடியது. ஒரு வருடமாக இப்படித்தான், எங்கே போனாலும் உங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மட்டும் அங்கே போகாமல் இருந்திருந்தால் இந்த மடலை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

தங்கச்சிமடத்துக்கு நான் வாழ வந்தபோது யாரையும் தெரியாது. வீட்டுக்காரர் படகுக்குப் போய்விடுவார். மாமியாரோடு பேச பயம். அடுத்த வீட்டிலிருந்து குழம்புக் கிண்ணத்தோடு வந்து, "ஏண்டி, ஒத்தையில உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்க? அங்கன வா, பேசிக்கிட்டு இருக்கலாம்" என்று கூப்பிட்டது நீங்கள். உங்கள் கடையில் பட்டன் தைத்துக்கொண்டே பேசிய பேச்சுக்கு அளவில்லை. கூடப்பிறந்த அக்கா எனக்கு இல்லை. இருந்திருந்தால்கூட இவ்வளவு சொல்லியிருப்பேனா என்று தெரியாது.

ஜெனி பிறந்தபோது எங்கள் வீடு தகரக் கூரை. சேலைத் தூளி கட்ட உத்தரம் கிடையாது. அவர் ராமநாதபுரத்திலிருந்து கம்பி வைத்த மரத்தொட்டில் வாங்கி வந்தார். பிள்ளை கையைக் கம்பிக்கு நடுவில் விட்டுக்கொண்டு அழுவாள். ஒருநாள் தலை இடித்துக்கொண்டாள். டவுனில் விற்கிற மாதிரி, உள்பக்கம் சுற்றிக் கட்டுகிற மெத்தை வேண்டும் என்று உங்களிடம்தான் கேட்டேன். நீங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தீர்கள். பிறகு, "சரி, நான் தைச்சுத் தாரேன்" என்றீர்கள். அந்த மௌனத்துக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிகிறது. மஞ்சள் துணி, நடுவில் வெள்ளை மீன்கள், மூலைக்கு மூலை நாடா. கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். கட்டிவிட்டு இழுத்துப் பார்த்தது இன்னும் கையில் இருக்கிறது.

நாலு மாதப் பிள்ளை. மத்தியானம் தூங்கப்போட்டுவிட்டுப் பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை. நன்றாகத் தூங்குகிறாள் என்று சந்தோஷமாக எட்டிப் பார்த்தேன். புரண்டுபோய், முகம் முழுக்க அந்த மெத்தையில் புதைந்திருந்தது. திருப்பினேன். உதடு நீலம். நான் கத்தியது கடல்வரை கேட்டிருக்கும். நீங்கள்தான் முதலில் ஓடி வந்தீர்கள். பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கிக் கவிழ்த்துப்போட்டு முதுகில் தட்டினீர்கள். அவள் வீலென்று அழுதாள். செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடி, வந்த ஆட்டோவை மறித்து நிறுத்தினீர்கள். அதெல்லாம் பொய் இல்லை, அக்கா. என் பிள்ளையின் உயிர் உங்கள் கையில்தான் திரும்பி வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "தொட்டில்ல என்ன வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். "ஓரத்துல ஒரு மெத்தைதான் டாக்டர்" என்று எனக்கு முன்னால் நீங்கள் சொன்னீர்கள். "மொதல்ல அதை எடுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்றிரவே பிள்ளையோடு வீடு திரும்பினோம். மறுநாள் காலையில் நான் உள்ளே அவளோடு படுத்திருந்தபோது நீங்களே வந்து மெத்தையைக் கழற்றினீர்கள். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என் மாமியாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னீர்கள்: "ஒரு பக்கத்து நாடா அவுந்து கெடந்துச்சுடி. அதான் மெத்தை சரிஞ்சு மூஞ்சியில விழுந்திருக்கு. நீ இறுக்கிக் கட்டியிருக்கணும்."

அந்த ஒரு பேச்சு போதுமானதாக இருந்தது. "கடலுக்குப் போறவன் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து ஒரு முடிச்சுப் போடத் தெரியலையே!" என்று மாமியார் அன்றைக்கு ஆரம்பித்தவர்தான். கோயிலிலும் சொன்னார், கல்யாண வீட்டிலும் சொன்னார். வீட்டுக்காரர் திட்டவில்லை. ஆனால் அதன் பிறகு கரையில் இருக்கிற நாளெல்லாம் பிள்ளை தூங்கும்போது அவரே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். என்னை நம்பி விடவில்லை. இரண்டாவது பிள்ளை வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணமும் அதுதான். உங்களுக்கு மட்டுமே அது தெரியும். உங்கள் மடியில் படுத்து அழுதபோது தலையைக் கோதிக்கொண்டே, "விடுடி, ஆண்டவர் காப்பாத்திட்டாருல்ல" என்றீர்கள். இழுத்துப் பார்த்த ஞாபகம் எனக்கு இருந்தது. ஆனாலும் என் கையைவிட உங்கள் வாயைத்தான் நம்பினேன்.

போன வாரம் கடைக்குப் போனது என் தங்கைக்காக. மாசமாக இருக்கிறாள். அவளும் தொட்டில் வாங்கியிருக்கிறாள். அன்றைக்குக் கூடவே வந்திருந்தாள். "நாடா வேண்டாம், கழறாத மாதிரி பட்டன் வச்சுத் தைச்சுக் குடு" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். அவள் ஸ்பாஞ்சைத் தள்ளி வைத்தாள்.

"அது உக்காருற திண்டுக்கு வாங்கினது சித்தி. தொட்டிலுக்கு நான் தைக்கிறதில்ல. எம்புள்ளைக்கே அம்மா கட்ட விடல."

அவள் பிள்ளை ஜெனிக்கு மூத்தவன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏன் விடல?"

"ஒரு நர்சம்மா ஆர்டர் குடுத்திருந்தவங்க, அப்புறம் வந்து வேண்டாம்னுட்டாங்க. கம்பியில கை மாட்டுனா புள்ள அழும், ஓடி வந்து எடுத்துரலாம். மெத்தையில மூக்கு அமுங்குனா அழக்கூட முடியாதுன்னு சொன்னாங்களாம். தொட்டில்ல விரிப்பத் தவிர வேற எதுவும் கெடக்கக் கூடாதாம்."

"இது எனக்குத் தைக்கறதுக்கு முந்தியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அழ ஆரம்பித்தாள். "கடைசியில ஆஸ்பத்திரியில கெடக்கும்போது அம்மா எங்கிட்ட சொல்லுச்சு சித்தி. நாடா அவுரவே இல்லையாம். அவ்வளவு இறுக்கமா இருந்துச்சாம். அவுக்க முடியாம கத்தரிக்கோல் வச்சு வெட்டித்தான் எடுத்துச்சாம். வெளிய தெரிஞ்சா கடைக்கு ஒருத்தரும் வர மாட்டாங்கன்னு பயந்துருச்சு."

நான் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இன்னொரு பிள்ளையின் தொட்டிலுக்கும் அதே மெத்தை போயிருக்கும், அக்கா, நீங்கள் சொன்ன பொய்யை நம்பி.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்து போனார். திரும்பி வந்து, "எங்கிட்டயாச்சும் நீ, இறுக்கித்தான் கட்டுனேன்னு சண்டை போட்டிருக்கலாம்ல" என்றார். மாமியாரோ, "செத்தவளப் பத்திப் பேசுறது பாவம்" என்று முடித்துக்கொண்டார். என்னைப் பற்றி இத்தனை வருடம் பேசியது பாவமில்லை போல.

உங்கள் கல்லறைக்குப் போய்க் கத்தலாமா என்றுகூட நினைத்தேன். போகவில்லை. கத்தினால் அழுதுவிடுவேன், அழுதால் பழையபடி உங்களிடம்தான் ஆறுதல் தேடுவேன்.

உங்களுக்குக் கூலி ஆசை என்று நான் நினைக்கவில்லை. நான் ஆசையாகக் கேட்டேன், மறுக்க வாய் வரவில்லை. எல்லோரும் கட்டுகிறார்கள், ஒன்றும் ஆகாது என்று நினைத்திருப்பீர்கள். அதை என்னால் மன்னிக்க முடியும் என்றுதான் தோன்றுகிறது. மறுநாள் காலையில் சொன்னதைத்தான் தாண்ட முடியவில்லை.

ஜெனியிடம் நேற்றுச் சொன்னேன். "அம்மா கட்டுன முடிச்சு" என்று அப்பத்தா சொல்லிச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள், அவளுக்குத் தெரிய வேண்டும். முழுவதையும் கேட்டாள்.

"பெரியம்மா ஏம்மா பொய் சொன்னாங்க?"

"பயம்டி."

"ஒங்ககிட்டயா? ஒங்ககிட்ட அவங்களுக்கு என்னம்மா பயம்?"

அதற்குப் பதிலை நீங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். நடுவில் ஒரு சுவர்தானே இருந்தது, அக்கா.