படியேறி வந்ததும் அடிக்கும் போன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ சுகம்தானே? நான் சுகம். அப்பா எப்படி இருக்கிறார் என்று எழுதப் போவதில்லை, அது என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியுமாமே.

தினமும் சாயங்காலம் தையல் கடையைச் சாத்திவிட்டு நானும் அப்பாவும் ஒரு சுற்று நடந்து, மூன்று மாடி ஏறி, செருப்பைக் கழற்றுவதற்குள் உன் போன் வந்துவிடும். நீ வாய் ஓயாமல் பேசுவாய், அவர் ஜன்னல் பக்கம் திரும்பி முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு ம் ம் என்பார். அப்பாமேல் இத்தனை பாசமா என்று எனக்குப் பெருமை, கொஞ்சம் பொறாமையும்தான், ஜாக்கெட் தைக்க வருகிறவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொண்டேன். முழங்காலுக்குப் பயிற்சி என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு அவர் தனியாகத்தான் போவார், நேற்று கரண்ட் இல்லாமல் கடை சும்மா கிடந்ததால் நானும் ஒட்டிக்கொண்டேன். டிரெட்மில்லில் நடக்கவிட்டு இறக்கினார்கள். கால் நின்ற பிறகும் உடம்பு காற்று கேட்டுக்கொண்டே இருக்கும், அதனால் யாருக்குமே மூச்சு உடனே அடங்காது என்று பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள். “ஹார்ட் வீக்கா இருந்தா இன்னும் நேரமாகும்மா, போன தடவைக்கு இப்ப சார் நல்லா தேறிட்டாரு, வெளியூர்ல இருந்து போன் பண்ற உங்க பொண்ணு சொல்லலையா?” என்றாள். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தெரியும் தெரியும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன், வேறென்ன செய்ய.

வீட்டுக்கு வந்து கேட்டால், “நீ பயந்துடுவேன்னுதான், பாப்பாதான் சொல்ல வேண்டாம்னா” என்கிறார். மூச்சு அடங்கும்வரை அவர் திரும்பி நின்று, இரைப்பது எனக்குத் தெரியாமல் இருக்கத்தான் அந்த போனாம். அப்பாவும் மகளும் கூட்டுச் சேர்ந்து என்னை மடச்சியாக்கிவிட்டீர்கள். நடக்கும்போது அவர் ஒரு வார்த்தை பேச மாட்டார், அவருக்கு நான் அலுத்துப்போய்விட்டேன் போலிருக்கிறது என்று தலையணையில் முகம் புதைத்து அழுதிருக்கிறேன் தெரியுமா? பேச மூச்சில்லை என்று யாராவது சொன்னீர்களா? என்ன இப்படி ஊர்ந்து வர்றீங்க என்று விரட்டியிருக்கிறேன், துணி மூட்டையை அவர் தோளில் ஏற்றி மாடி ஏறவிட்டிருக்கிறேன். ஏதாவது ஆகியிருந்தால் என் கையால் அல்லவா ஆகியிருக்கும்! அதையும் நீ தெரிந்துகொண்டே பேசாமல் இருந்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்று உன் போன் வந்தபோது அணைத்து வைத்தது நான்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தேன். தோள் இரண்டும் தூக்கித் தூக்கி இறங்கின, வாயைக் குவித்து ஊதி ஊதி விட்டார், பிறகு மெல்ல மெல்ல மூச்சு நிதானத்துக்கு வந்தது. வெட்கப்பட்டுக் கையை விலக்கப் பார்த்தார், நான் எடுக்கவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நேரத்தோடு தூங்கு. நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு. கோபத்திலும் ஆசீர்வாதத்தை நிறுத்தி வைக்க எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் மறக்காதே, இனி சாயங்காலம் போன் பண்ணாதே, அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் இருக்க வேண்டியவள் நான்.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் தீராத
அம்மா