நீ தமிழில் எழுதிய விடைத்தாள்

என் செல்ல நஸ்ரினாவுக்கு,

சேதி சொல்ல வந்தேன். சண்டை பிடிக்கவும்தான் வந்தேன். சட்டப் பரீட்சையை இனி ஆங்கிலத்தில் மட்டுமே எழுத வேண்டும் என்றார்களே, அந்த விதியை எடுத்துவிட்டார்கள். விரும்பிய மொழியில் எழுதலாமாம். எடுத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. உன்னிடம் சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஓர் அறிவித்தல் போட்டார்கள், அவ்வளவுதான். கொண்டுவந்தபோதும் அப்படித்தானே? நுழைவுப் பரீட்சையைத் தமிழில் எழுதித்தான் கொழும்புச் சட்டக் கல்லூரிக்குள் வந்தோம். தமிழில் படித்துக்கொண்டிருந்தவர்களைப் பாதி வழியில் நிறுத்தி, இனி ஆங்கிலம் என்றார்கள். கொழும்பிலிருந்து வந்து கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கியபோது நான் அழுதது ஞாபகமிருக்கிறதா? தெல்தோட்டையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்க ஆளே இருக்கவில்லை.

உனக்கென்ன, டவுன் பிள்ளை. ஆங்கிலம் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கட்டுகஸ்தோட்டையில் உங்கள் வீட்டிலேயே என்னைத் தங்கவைத்து மாதக்கணக்காய்ச் சொல்லித் தந்தாய். நான் உருப்போட்டேன், பரீட்சையில் தட்டுத் தடுமாறி எழுதினேன். மண்டபத்தைவிட்டு வெளியே வந்ததும் உன்னிடம்தான் ஓடினேன்.

"எப்புடிடி எழுதுன?"

"நல்லா எழுதின. தமிழ்ல."

"பைத்தியமா ஒனக்கு? திருத்த மாட்டாங்களே!"

"தெரியும். எனக்கு இங்கிலீஷ் ஏலும்தான். அதுக்காக நானும் பேசாம எழுதிட்டுப் போனா, ஏலாதவங்களுக்கு யாரு கேக்கிற?"

உன் விடைத்தாளைத் திருத்தவில்லை. மட்டுமட்டான மதிப்பெண்ணில் நான் தேறினேன். முதலிடத்தில் வரவேண்டிய நீ அடுத்த முறைக்குக் காத்திருந்தாய். சும்மாவா காத்திருந்தாய்? மாணவர்களைச் சேர்த்தாய், முறையிட்டாய், பதில் கேட்டு அலைந்தாய். அடுத்த பரீட்சை வரும் முன்னே டெங்கு வந்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்துபோனவள் உயிரோடு திரும்பவில்லை.

எனக்கு உன்மேல் கோபம், நஸ்ரினா. ஆங்கிலத்திலேயே எழுதித் தொலைத்திருந்தால் என்ன? ஒரு நாளாவது கறுப்புக் கோட்டோடு கண்டி நீதிமன்றப் படி ஏறியிருப்பாயே! இப்படி நினைத்த கையோடு வெட்கமாகவும் இருக்கிறது. கோபப்பட வேண்டியது உன்மேலா?

விதியை எடுத்த சேதியோடு உன் உம்மாவிடம் போனேன். கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்தினார். "நல்லம் மகள். மத்தப் புள்ளைகளுக்காவது சரியாகிட்டே," என்றார். பிறகு, "அப்ப என்ட புள்ளைட பேப்பர இனித் திருத்துவாங்களா?" என்று கேட்டார். எத்தனையோ சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தவள் நான். அந்த ஒரு கேள்விக்குத் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாற்றம் வேண்டாம் என்று நீயும் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை. ஆங்கிலம் வேண்டும் என்றால் முதலில் கற்றுக்கொடுக்கட்டும். இப்போது, சட்ட மாணவர்கள் படித்து முடித்ததும் சீனியர் வக்கீலிடம் பயிற்சி பெறும் காலத்தை நீட்டப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. புதிதாகச் சேர்பவர்களுக்கு என்றால் சரி. பயிற்சியை முடிக்கப்போகிறவர்களையும் பிடித்துவைப்பார்களாம்.

போன கிழமை சில மாணவர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். தெல்தோட்டைப் பிள்ளை கவிதாதான் பேசினாள். "சேரும்போது ஒரு விதி, முடிக்கும்போது ஒரு விதியாக்கா? சம்பளம் இல்லாம இன்னும் எவ்ளோ நாளுக்குத்தான் வீட்டுல கை நீட்டுறது? எங்களுக்காகப் பேச வக்கீல்மாரு பயப்படுறாங்க."

பயம் எனக்கும் இருந்தது. "மேல இருக்கிறவங்கள பகைச்சுக்கிட்டா ஒங்க தொழிலுக்குத்தான் நட்டம்," என்று கூட வேலை செய்யும் சட்டத்தரணி ஒருவர் எச்சரித்தார். அவர் என் நன்மைக்குத்தான் சொன்னார். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு கவிதாவைக் கூப்பிட்டு, அந்த விதி வந்தால் அவர்களுக்காக உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடுவதாகச் சொல்லிவிட்டேன்.

உனக்கும் அதே வாக்கைத் தருகிறேன். தோற்றாலும் போராடினோமே என்று ஆறுதல் பேச எனக்கு இனிப் பொறுமையில்லை. வெல்லத்தான் போகிறேன். அந்தப் பிள்ளைகள் உயிரோடு இருக்கும்போதே வெல்ல வேண்டும்.

உன் உம்மாவின் இன்னொரு மகள்,
செல்வராணி