மாஸ்டருக்கு எட்டாத கிட்டார்

பித்தளையை அரம் போட்டால் கையில் ஒரு வாடை ஏறும். சோப்புப் போட்டாலும் போகாது. சோற்றோடு வாய்க்குள்ளும் வரும். இன்று காலை தாயில்பட்டிக் கம்பெனியில் ஒரு பித்தளைத் தாழ்ப்பாளுக்கு அரம் போட்டுவிட்டு, அரித்ததே என்று மூக்கைச் சொறிந்தேன். உடனே நீர் வந்து நின்றுவிட்டீர், மாஸ்டர். ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவான அதே உருவம். அதே ஜிப்பா. கையில் அதே மைக்.

செத்து ஐந்து மாசம் ஆகிறது. இன்னும் என் மூக்கில் என்ன வேலை உமக்கு?

உயிரோடு இருந்தபோது வாய் நிறைய "வாங்க மாஸ்டர், இருங்க மாஸ்டர்" என்றேன். இனி 'நீர்' போதும். அதுவும் என்னைவிட எட்டு வயசு மூத்தவர் என்பதற்காக. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் உம்மை 'இசைக்கடல்' என்று போட்டிருந்தார்கள். சாத்தூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் மகளைப் பார்த்து மைக்கில் சொன்ன ஒரு வார்த்தையை, அதே மைக்கில் நீர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் காத்திருந்தேன். எடுக்காமலே தப்பித்துப் போய்விட்டீர்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பட்டாசுக் கம்பெனி ஃபிட்டர். உடம்பு ஐந்தடி மூன்று அங்குலம், அதுவும் செருப்போடு சேர்த்து. எனக்குப் பிறந்தவள் ஆறடி ஒன்று. எப்படி என்று என்னைக் கேட்காதவர்கள் ஊரில் இல்லை. அவள் அம்மாவைக் கேட்கப் பயந்து என்னைக் கேட்டார்கள். எங்கள் ஊரில் செல்போன் டவர் நட்ட வருஷம் அவளுக்கும் 'டவர்' என்று பெயர் வந்தது. வாசலில் குனிந்து, பஸ்ஸில் குனிந்து, மற்ற பெண்களோடு நிற்கும்போதும் குனிந்து பழகிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பழகிய ஹவாயன் கிட்டாரை மடியில் வைத்து வாசிக்கும்போது மட்டும் தன் உயரத்தை மறந்திருப்பாள்.

அப்போதுதான் உம்முடைய மெல்லிசைக் குழுவுக்கு அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் பாட்டுக்காரரிடமிருந்து நீர் கொண்டுவந்த பெடல் ஸ்டீல் கிட்டார். பிரித்து மாட்டினால் நாலு காலில் நிற்கும் சின்ன மேசை. மேலே பத்துக் கம்பி. கீழே முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே ஒரு பலகையில் மூன்று மிதி. மேசைக்கு அடியில் முழங்காலால் தள்ளுவதற்கு இரண்டு பிடி. கையில் பிடித்த எஃகு உருளையைக் கம்பி மேல் வழுக்கிக்கொண்டே மிதியை அழுத்தினால், ஒரு சுரம் நின்ற இடத்தில் நிற்கும். பக்கத்துச் சுரம் மட்டும் விம்மிக்கொண்டு மேலே ஏறும்.

உமக்கு மிதி வசப்படவில்லை. கையால் மட்டும் வாசித்துவிட்டு, மிதிகளைச் சும்மா சனங்கள் பார்க்க வைத்திருந்தீர். என் மகள் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை பார்த்தாள். வேலை விட்டதும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, எந்த மிதி எந்தக் கம்பியை இழுக்கும் என்று தாள் தாளாக எடுத்து வந்தாள். ஒரு மாசத்தில் பிடித்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அவளுக்கு அந்த இடத்தைக் கொடுத்தீர்.

ஆனால் அந்த மேசை அவளுக்கானது அல்ல. மிதியில் பாதத்தை வைத்தால் முழங்கால் மேசையின் அடியில் போய் முட்டியது. இரண்டு காலையும் தவளை மாதிரி பக்கவாட்டில் விரித்து உட்கார்ந்து வாசித்தாள். ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் முழங்காலில் தைலம் தேய்ப்பாள். "மாஸ்டர், கொஞ்சம் உசத்தணும்" என்று உம்மிடம் இரண்டு முறை கேட்டிருக்கிறாள். நீர் சொன்னது: "வெள்ளைக்காரன் அளந்து செஞ்சத ஒனக்காக மாத்தச் சொல்றியாக்கும்?"

விருதுநகர்ப் பங்குனிப் பொங்கல் கச்சேரி. நானும் போயிருந்தேன், மூன்றாவது வரிசை. வேகமான பாட்டு. மிதியை அழுத்தி எடுக்கும் வேகத்தில் அவள் தொடை மேசையைத் தூக்கிவிட்டது. மரை தேய்ந்திருந்த முன்னங்கால் ஒன்று கழன்றது. கிட்டார் சரிந்து மேடையில் விழுந்தது. ஸ்பீக்கர் ஊளையிட்டது. பாட்டு நின்றது. அவள் எழுந்து நின்றாள். எழுந்து நின்றதால் எல்லோரும் அவளை முழுசாகப் பார்த்தார்கள்.

நீர் மைக்கை வாயருகே கொண்டுபோனீர்.

"ஏ தாயி, கச்சேரிக்கு வரும்போது பாதிக் கால வீட்ல கழட்டி வச்சிட்டு வரணும்னு ஒங்கப்பன் சொல்லித் தரலியா?"

கூட்டம் அம்புட்டும் சிரித்தது. மாஸ்டர், நானும் சிரித்தேன்.

யோசித்துச் சிரிக்கவில்லை. யாராவது கேலி பேசினால் முதல் ஆளாகச் சிரித்துவிடுவது என் பிழைப்பு. அப்படியே பழகி, அப்படியே மேஸ்திரி, மானேஜர் எல்லோரிடமும் தப்பித்து வந்தவன். அந்தச் சிரிப்பு தானாக வந்துவிட்டது. வாயை மூடுவதற்குள் மேடையிலிருந்து அவள் பார்த்துவிட்டாள். கூட்டத்தில் அத்தனை பல் இருக்க, என் பல்லை மட்டும் பார்த்தாள்.

அதன் பிறகு எட்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. கிட்டாரும் வாசிக்கவில்லை. நீரோ மறுநாளே அந்தக் கிட்டாரை ஆட்டோவில் ஏற்றி என் வீட்டு வாசலில் இறக்கினீர்.

"யோவ் ஃபிட்டரு, ஒடச்சது ஒம்ம மக. நீரே சரி பண்ணித் தாரும். அடுத்த கச்சேரிக்கு நானே வாசிச்சுக்கிடுதேன்."

"சரிங்க மாஸ்டர்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். உள்ளே ஒரு சரவெடி திரி பற்றிவிட்டது உமக்குத் தெரியாது.

முதலில் என் ஒன்பதாம் வகுப்பு மூளை வேலை செய்தது. மேசை உயர வேண்டும், அவ்வளவுதானே? கட்டிலுக்குச் செங்கல் வைப்பதுபோல, நாலு காலுக்கும் அடியில் நாலு அங்குலப் பித்தளைக் குழாயைச் சொருகி நிறுத்தினேன். பார்க்க அழகாக இருந்தது. "தாயி, சும்மா ஒரு நிமிசம் உக்காந்து பாரு" என்று கெஞ்சினேன். வந்தாள். உட்கார்ந்தாள். பாதத்தை மிதியில் வைத்தாள். முழங்கால் முன்பு முட்டிய அதே இடத்தில் டங் என்று முட்டியது.

மிதிப் பலகை முன்னங்கால்களோடு மாட்டியது. கால் உயர்ந்தால் அதுவும் சேர்ந்து உயரும். அது எனக்கு உறைக்கவில்லை.

"அப்பா," என்றாள் அவள், எட்டு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக. "தரையையும் சேத்துத் தூக்கிட்டீக."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். ஆனால் போகும்போது உதட்டோரம் ஒரு சுழிப்பு இருந்தது. எனக்கு அது போதும்.

குழாயை அடியிலிருந்து பிடுங்கி மேலே கொண்டுபோனேன். காலுக்கும் மேசைக்கும் நடுவில் வைத்தேன். இப்போது மிதி தரையருகே நின்றது, மேசை மட்டும் உயர்ந்தது. மிதியிலிருந்து மேசைக்குப் போகும் கம்பிகள் எட்டாமல் அந்தரத்தில் தொங்கின. மூன்றையும் அதே நாலு அங்குலம் நீட்டினேன். முழங்கால் பிடி இரண்டையும் அவள் தொடை அகலத்துக்கு வெளியே தள்ளி வளைத்தேன். ஸ்டூலையும் கொஞ்சம் உயர்த்தினேன். எல்லாம் பித்தளை. கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறைக்குள் இரும்பு போகக் கூடாது, பொறி பறந்தால் ஆள் மிஞ்சாது. இருபது வருஷமாகப் பித்தளைச் சுத்தியும் பித்தளை ஸ்பேனரும் பிடித்த கை, இரும்பைத் தொடவே கூசும். உலோகமும் உலோகமும் உரசுகிற இடத்தில் எல்லாம் பழக்க தோஷத்தில் தோல் துண்டு வைத்தேன். கிட்டார் என்ன வெடிக்கவா போகிறது? ஆனால் அந்தத் தோலால்தான் மிதியின் கடகட சத்தம் நின்று, சுரம் மட்டும் கேட்டது. தெரிந்து செய்தேன் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியில், சொருகிய குழாய்களைக் காலோடு சேர்த்து இறுக்கும் வேலை பாக்கி இருந்தது. அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா ரிவிட் அடிக்கீக? மரை போட்டா வேணுங்கும்போது கழட்டலாம்ல?"

"கழட்டக் கூடாதுன்னுதான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் எட்டு ரிவிட் அடித்தேன். ஒவ்வோர் அடிக்கும் உம் பெயரைச் சொன்னேன், மனசுக்குள்.

அடுத்த கச்சேரிக்குச் சாத்தூர்க் கல்யாண மண்டபத்தில் நானும் மகளும் கொண்டுவந்து இறக்கியபோது துணியை விலக்கிப் பார்த்தீர்.

"என்னய்யா இது, கிட்டாரா குத்துவெளக்கா? திரி போடணுமா?"

உம் ஆட்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. "உக்காந்து பாருங்க மாஸ்டர்" என்றேன். அதற்குள் திரை விலகி, மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீர் ஸ்டூலில் ஏறினீர். ஆமாம் மாஸ்டர், உட்காரவில்லை, ஏறினீர். ஏறியதும் இரண்டு பாதமும் தரையை விட்டு அந்தரத்தில் ஆடின. முழங்கை காதுக்குப் பக்கத்தில் வந்தது. பெரியவர் ஒருவர் ஊட்டப்போகும் பிள்ளை மாதிரி மேசைக்குப் பின்னால் உம் தலை மட்டும் தெரிந்தது. முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்த முடியவில்லை. மண்டபமே குலுங்கியது.

நீர் கீழே குனிந்து ரிவிட்டைப் பார்த்தீர். நிமிர்ந்து என்னைப் பார்த்தீர். புரிந்துகொண்டீர். அந்த ஒரு பார்வையை நான் பாகுபோல நாக்கில் வைத்துக் கரைத்துத் தின்றிருக்கிறேன், மாஸ்டர். இன்றைக்கும் நினைத்தால் வாய் இனிக்கிறது. அதற்கு வருத்தப்படவில்லை.

"வா தாயி, ஒன் சாமான நீயே வச்சிக்கோ" என்று இறங்கினீர்.

அவள் போய் உட்கார்ந்தாள். முழங்கால் எங்கும் முட்டவில்லை. முதுகு நேராக இருந்தது. முதல் மிதியை அழுத்தியதும் அந்தச் சுரம் விம்மி மேலே ஏறியது. சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்த கூட்டம் அப்படியே நின்றது. சாம்பார் வாளியோடு ஒருவன் நின்றான். என் மகள் எவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

இப்போதாவது அந்த வார்த்தையைத் திரும்ப எடுப்பீர் என்று காத்திருந்தேன். மைக்கை எடுத்தீர். என்ன சொன்னீர்?

"இந்தக் கிட்டார ஒசத்தணும்னு நான்தான் ரொம்ப நாளா யோசிச்சேன்."

யோசித்தீராம்! அன்றிலிருந்து ஒவ்வொரு கச்சேரியிலும் அதையே சொன்னீர். என் ரிவிட், என் தோல், என் நாலு அங்குலம், எல்லாம் உம் யோசனை. நான் மேடைக்குக் கீழே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். உம்மைக் குள்ளமாக்கினேன், நீர் அதன் மேலும் ஏறி நின்றுகொண்டீர்.

பிறகு ஒரு நாள் காலை டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்தீர் என்றார்கள். அவ்வளவுதான்.

உம் நினைவுக் கூட்டத்தில், ஒரு மாசம் கழித்து, குழுக்காரர்கள் என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். "மாஸ்டரப் பத்தி ரெண்டு வார்த்த பேசுங்கண்ணே." அதே மைக். மேடையில் என் மகள் கிட்டாருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். உம் வீட்டம்மா முன்வரிசையில் இருந்தார். எனக்கு முன் பேசியவர்கள் எல்லாம் உம்மைக் கடல், மலை என்று ஏற்றி வைத்திருந்தார்கள்.

"இந்தக் கிட்டார ஒசத்துனது நானு," என்றேன். "மாஸ்டருக்கு எட்டக் கூடாதுன்னே ரிவிட் அடிச்சேன்."

போச்சு, அடி வாங்கப்போகிறேன் என்று நினைத்தேன். உம் வீட்டம்மாதான் முதலில் சிரித்தார்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து இஞ்சி டேப்ப எடுத்துத் தன் கால அளந்து பாத்தாருய்யா அந்த மனுசன்! என்னத்துக்குனு கேட்டா சொல்லல. இதுக்குத்தானா?" சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மண்டபம் முழுவதும் சிரித்தது.

அளந்து பார்த்தீரா? நல்லது. அது எனக்குப் போதாது, இருந்தாலும் நல்லது.

அங்கேயே இறங்கியிருக்கலாம். ஆனால் மைக் கையில் இருந்தது. அவள் பக்கம் திரும்பினேன்.

"தாயி, அன்னைக்கு விருதுநகர்ல மாஸ்டர் சொன்னதுக்கு நானும் சிரிச்சேன். நீ பாத்த. சிரிச்சிருக்கக் கூடாது. அது தப்பு."

அவள் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே மெதுவாகச் சொன்னாள்: "சரிப்பா. மைக்கக் குடுத்துட்டு எறங்குங்க. பாட்டு ஆரம்பிக்கணும்."

இறங்கினேன். அவள் வாசித்தாள்.

ஆக, மாஸ்டர், என் பங்கை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன், எல்லோர் முன்னாலும், சத்தமாக. உம் பங்கை எடுக்க இனி உமக்கு வாய் இல்லை. அந்த வார்த்தை உம்முடையதாகவே இருக்கட்டும். இனி அதற்குத் துணையாக என் சிரிப்பு கிடையாது. "அவர விட்ருங்கப்பா, பாவம்" என்கிறாள் மகள். அவள் விட்டுவிட்டாள். நான் விடவில்லை. உம்மீது உள்ள கோபத்தைத் தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு கம்பெனிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகிறேன். கனமாகத்தான் இருக்கிறது. இறக்கி வைக்கிற உத்தேசம் இல்லை.