எழுந்து நின்ற தேங்காய்

அடுப்படி மேடையில் அந்தத் தேங்காய் இருக்கிறது. அதன் குடுமியைப் பார்க்கும்போதெல்லாம் உன் உள்ளங்கைதான் நினைவுக்கு வருகிறதடி, தோழி. நீரோட்டம் பார்ப்பவர் காலையில் அதைக் கையில் கிடத்திக்கொண்டு எங்கள் கொல்லை முழுக்க நடந்தார். துவைக்கிற கல்லருகே, அடியில் ஊற்று இருக்கிறதென்று அது விருட்டென்று எழுந்து நின்றது. என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆழ்துளைக் கிணறு போட நாளை விடிந்ததும் போர் வண்டி வருகிறது.

நீயும் இப்படித் தேங்காயோடு நடந்தவள்தான். கல்லூரி முடித்த கோடையில், நம் கண்மாயைக் காப்பாற்றுவோம் என்று பெண்களிடம் பேச, போடியில் ஏலக்காய் பொறுக்கும் கொட்டகைகளுக்குப் போனோமே! என் பேச்சுக்கு ஒருத்தியும் தலை நிமிரவில்லை. "தண்ணி டீச்சரு வந்துட்டாக. பேசுறதுக்கு முந்தி ஒரு கொடம் கொண்டா ஆத்தா" என்று கேலி வேறு. நீ துப்பட்டாவை இழுத்துச் செருகி, நீரோட்டக்காரர் போலவே கண்ணை மூடி, காய்க்குவியல்களுக்கு நடுவே நடந்தாய். தரையில் சாக்பீசால் வரைந்த கண்மாய் வந்ததும் தேங்காயைக் கட்டைவிரலால் நெம்பி நிறுத்தினாய். கொட்டகையே சிரித்தது. "தண்ணி மேல நின்னாத்தான்க்கா கீழ இறங்கும். கண்மாய மூடிட்டு ஆழமாத் தோண்டுனா, பக்கத்து வீட்டுத் தண்ணியத்தான் களவாங்குவோம்" என்றாய்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, கண்மாயில் பாதியைக் கட்டட இடிசல் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். மனு கொடுத்து அலைந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் மோட்டார் காற்றைத்தான் துப்புகிறது. லாரித் தண்ணீர் மகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கிறாள். "ஊருக்கு நீ பேசு. புள்ளைக்கு யாரு பேசுறது?" என்கிறார் இவர்.

தெருவில் இன்னும் ஊறுவது உன் வீட்டுக் கிணறு மட்டும்தான். சாயங்காலம் உன் அம்மா ஒரு குடம் சுமந்து வந்தார். தேங்காயைப் பார்த்தார்.

"எந்திரிச்சிருச்சாக்கும்? எங்குட்டுத்தா?"

கொல்லையைக் காட்டினேன். துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் அவர் கிணறு. குடத்தை இறக்கி வைத்தார்.

"ஆழமாவே போடச் சொல்லு. பச்சப்புள்ள குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நீ இருந்திருந்தால் தேங்காயை உருட்டி, இவரைச் சிரிக்க வைத்தே வண்டியைத் திருப்பியிருப்பாய். எனக்கு அந்த வித்தை வராது. மகள் இப்போதுதான் உறங்கினாள். உன் அம்மாவின் குடத்தில் பாதித் தண்ணீர் மிச்சம். வண்டிக்காரர்கள் வந்ததும் முதலில் குடிக்கத்தான் கேட்பார்கள். அதிலிருந்துதான் மொண்டு கொடுக்கப் போகிறேன். இவருக்கும் ஒரு செம்பு. யார் வீட்டுத் தண்ணீர் என்று சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன்.

உன் பேச்சில் என்னிடம் மிஞ்சியிருப்பது அவ்வளவுதான்.